பழைய ஃபோர்வீலுக்கு எந்த ஸ்பீக்கர்? செம்மண் சாலைக்காரர்களுக்கு ஓர் ஒப்பீடு

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இருபது, இருபத்தைந்து வயது தாண்டிய ஹைலக்ஸுக்கும் பஜேரோவுக்கும் லேண்ட் குரூசருக்கும் பஞ்சமில்லை. செம்பனைத் தோட்டத்து மேற்பார்வையாளர், டுரியான் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவர், லாசாவைத் தாண்டி உள்ளே இருக்கும் பூர்வகுடி கிராமங்களுக்குச் சாமான் ஏற்றிப் போகிறவர் என்று அவற்றை வைத்திருப்பவர்கள் பலவிதம். கேள்வி மட்டும் ஒன்றுதான். வண்டியோடு வந்த ஸ்பீக்கர் கரகரக்கிறது, மின்னல் எஃப்எம் செய்திகூடப் புரியவில்லை, எதை வாங்கிப் போடுவது? ஈப்போ கடைக்காரர் ஒன்று சொல்கிறார், இணையக் கடை இன்னொன்றைக் காட்டுகிறது, மச்சானோ "ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) போடு, எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார்.

கடைசியில் பெரும்பாலோர் வாங்குவது, அட்டைப்பெட்டியில் எந்த வாட் எண் பெரிதாக இருக்கிறதோ அதை. இந்த வண்டிகளுக்கு மிகக் குறைவாகப் பயன்படும் எண் அதுதான்.

எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் வண்டியின் இரைச்சல். நான்கு சிலிண்டர் டீசல் இயந்திரம் நிமிடத்துக்கு 2,400 சுற்றில் ஓடுகிறது என்றால் விநாடிக்கு 40 சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு வெடிப்பு. ஆக, 80 ஹெர்ட்ஸில் ஓர் உறுமல் கேபினுக்குள் ஓயாமல் இருந்துகொண்டே இருக்கும். பேஸ் கிட்டாரின் நான்கு தந்திகளை விரல் அழுத்தாமல் மீட்டினால் வரும் சுருதிகள் 41 முதல் 98 ஹெர்ட்ஸ் வரை. பாட்டின் அடித்தளம் எங்கே இருக்கிறதோ அங்கேயே இயந்திரமும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதற்குமேல் மட் டயரின் ஓலம் வேறு. சீருந்து வைத்திருப்பவர் "பிரமாதம்" என்று சொல்லும் ஸ்பீக்கர் நம் வண்டியில் ஊமையாகிவிடுவது இதனால்தான்.

இரண்டாவது உணர்திறன். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் என்பதைச் சொல்லும் எண் இது. பெட்டியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். 3 டெசிபல் கூடுதலாக இருந்தால் வாட்டை இரண்டு மடங்காக்கியதற்குச் சமம். 6 கூடுதலாக இருந்தால் நான்கு மடங்கு. 92 டெசிபல் ஸ்பீக்கர் 5 வாட்டில் தரும் சத்தத்தை 86 டெசிபல் ஸ்பீக்கரிடமிருந்து வாங்க 20 வாட் வேண்டும்.

அந்த 20 வாட்தான் ரேடியோவின் உண்மையான கொள்ளளவும். முகப்பில் "50 வாட் x 4" என்று அச்சிட்டிருந்தாலும், வண்டி ஓடும்போது கிடைப்பது சுமார் 14.4 வோல்ட். அதை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சிதறாத ஒலியாகக் கொடுக்க முடிந்த உச்சம், காகிதக் கணக்கில், 26 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. இழப்பெல்லாம் போக 20 வாட் வந்தால் நல்ல ரேடியோ. இதைத் தெரிந்துகொண்டவர் "300 வாட்" ஒட்டுத்தாளைப் பார்த்து மயங்க மாட்டார்.

மூன்றாவது ஈரமும் புழுதியும். எந்தக் காரானாலும் மழைநீர் கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கி அடித்துளை வழியாக வெளியேறும். ஸ்பீக்கரின் முதுகு எப்போதும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. நம் ஊர்ப் பிற்பகல் மழையையும் பழைய வண்டியின் இறுகிப்போன கண்ணாடி ரப்பரையும் சேர்த்துப் பார்த்தால், காகிதக் கூம்பு எத்தனை நாள் தாங்கும் என்று ஊகிக்கலாம். ஸ்பீக்கர் விளிம்பில் நுரை வளையம் இருந்தால் அதுவும் இந்தப் புழுக்கத்தில் உதிர்ந்துபோகும். ரப்பர் வளையம் நிலைக்கும்.

நான்காவது இடம். டேஷ்போர்டில் 4 அங்குலம், கதவில் ஐந்தேகால் அல்லது ஆறரை, சிலவற்றில் நீள்வட்ட 6x9 என்று வண்டிக்கு வண்டி வேறுபடும். அகலத்தைவிட ஆழம்தான் சிக்கல். கண்ணாடியை முழுவதும் இறக்கி, துளையின் முகத்திலிருந்து கண்ணாடி வரை அடிக்கோலால் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். காந்தம் கண்ணாடியில் இடித்தால் ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

ஐந்தாவது மின்சாரம். பழைய டீசல் லேண்ட் குரூசர்கள் சிலவும் ராணுவத்திலிருந்து வந்த லேண்ட் ரோவர்களில் சிலவும் 24 வோல்ட். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ரேடியோவுக்குக் கொடுத்திருப்பார்கள். ஒரு பேட்டரி அடிக்கடி சாவதற்கு அதுதான் காரணம். 24-ஐ 12 ஆக்கும் கன்வர்ட்டர் ஒன்றைச் செலவுக் கணக்கில் சேருங்கள். இன்னொன்று, எண்பதுகளில் வந்த சில வண்டிகளில் எல்லா ஸ்பீக்கருக்கும் பொதுவாக ஒரே எதிர்முனைக் கம்பி. அந்தக் கம்பியில் இன்றைய ரேடியோவை மாட்டினால் அதன் உள் ஆம்ப் எரிந்துபோகலாம். இப்படிப்பட்ட வண்டிக்கு ஸ்பீக்கர் வரை புதுக் கம்பி இழுத்துவிடுவதே நல்லது.

இனி ஐந்து வழிகள்; ஒவ்வொன்றின் விளக்கமும் பட்டியலுக்குக் கீழே. விலையை வெள்ளிக் கணக்கில் எழுதவில்லை. தள்ளுபடி நாளுக்கு நாள் மாறுகிறது, விகிதம் அவ்வளவாக மாறுவதில்லை.

| வழி | செலவு | இரைச்சலில் எடுபடுமா | ஈரம் | ஒளிந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| இருப்பதைச் சரிசெய்வது | மிகக் குறைவு | ஓரளவு | பழையபடியே | நேரம், உடையும் கிளிப்புகள் |
| கோஆக்சியல் | குறைவு | நன்றாக, உணர்திறன் பார்த்து வாங்கினால் | பாலிபுரொப்பிலீன் (பிளாஸ்டிக்) கூம்பு தாங்கும் | பொருத்து வளையம், இணைப்பான் |
| காம்பொனென்ட் | நடுத்தரம் | ஆம்ப் இல்லாவிட்டால் திணறலாம் | கிராஸ்ஓவர் பெட்டி தாங்காது | கூலி, துளையிடுதல் |
| படகு ரகம் | நடுத்தரம் | ரகத்தைப் பொறுத்து | மிக நன்று | அதே ஒலிக்குக் கூடுதல் விலை |
| ஆம்ப், சப்வூஃபர் | அதிகம் | மிக நன்று | இருக்கைக்கடியில் ஆபத்து | கேபிள், ஃபியூஸ், ஆல்டர்னேட்டர் |

வழி ஒன்று: இருப்பதையே சரிசெய்வது

கடைக்காரர் யாரும் சொல்லாத வழி, அவருக்கு இதில் லாபமில்லை என்பதால். கரகரப்பு வந்ததும் ஸ்பீக்கர் போய்விட்டது என்று முடிவுகட்டுகிறோம். கதவைத் திறந்து மூடும்போது சத்தம் விட்டுவிட்டு வந்தால் குற்றவாளி ஸ்பீக்கர் இல்லை. கதவுக்கும் உடலுக்கும் நடுவே உள்ள ரப்பர்க் குழாய்க்குள் வருடக்கணக்காக மடங்கி விரிந்து இழை அறுந்த கம்பி. இணைப்பானில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தாலும் இதே அறிகுறிதான்.

ஸ்பீக்கரைக் கழற்றி இரண்டு கட்டைவிரலாலும் கூம்பை இருபுறமும் சமமாக மெல்ல அழுத்துங்கள். உள்ளே மணல் உரசுவதுபோல் பட்டால் சுருள் காந்தத்தில் தேய்கிறது. அதோடு அதன் கதை முடிந்தது. உரசவில்லை, மல்டிமீட்டரும் 4 ஓம் ஸ்பீக்கருக்கு 3.2 முதல் 3.8 வரை காட்டுகிறது, விளிம்பு வளையமும் முழுதாக இருக்கிறது என்றால் அந்த ஸ்பீக்கருக்கு ஒன்றும் இல்லை. பழைய தொழிற்சாலை ஸ்பீக்கர்களை மட்டமாகப் பேசுவது வழக்கமாகிவிட்டது. இலேசான காகிதக் கூம்பு என்பதால் பலவற்றின் உணர்திறன், இன்று விற்கும் கனத்த கூம்பு ஸ்பீக்கர்களைவிட அதிகம்.

ஹாஃப்கட் கடைகளில் ஜப்பானிலிருந்து வந்த அதே மாடல் ஸ்பீக்கர் கிடைக்கும். விலை சொற்பம், துளையும் இணைப்பானும் அப்படியே பொருந்தும். ஆனால் அதுவும் உங்கள் ஸ்பீக்கரின் வயதுதான். வளையத்தை விரலால் தொட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

செய்தியும் பேச்சும் கேட்டால் போதும் என்பவருக்கும், அசல் பாகம் மாறாமல் வைத்திருக்க நினைப்பவருக்கும், ஓரிரு வருடத்தில் வண்டியை விற்கப்போகிறவருக்கும் இதைவிட நல்ல வழி இல்லை.

வழி இரண்டு: கோஆக்சியல்

கூம்பின் நடுவிலேயே ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான குட்டி ஸ்பீக்கர்) பொருத்திய ஒற்றை ஸ்பீக்கர். என்னிடம் கேட்கும் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு இதைத்தான் சொல்கிறேன். மூன்றே நிபந்தனை: 90 டெசிபலுக்குக் குறையாத உணர்திறன், பாலிபுரொப்பிலீன் கூம்பு, ரப்பர் வளையம். "4-வே", "5-வே" என்று நடுவில் குட்டி ட்வீட்டர்களை அடுக்கிய ஸ்பீக்கருக்குக் கூடுதல் பணம் தர வேண்டாம். அவற்றில் பாதி அலங்காரம்.

ஒளிந்திருக்கும் செலவு பொருத்துவதில் வரும். பல டொயோட்டாக்களில் தொழிற்சாலை ஸ்பீக்கர் அதன் பிளாஸ்டிக் சட்டத்தோடு ஒரே துண்டாக, ரிவிட் அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். அதை எடுத்தால் புது ஸ்பீக்கருக்கு உட்கார இடமிருக்காது. அதைத் தாங்கப் பொருத்து வளையம் ஒன்று வேண்டும். கடையில் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையில் வெட்டிய வளையத்தைக் கொடுப்பார்கள். வரவேற்பறைப் பெட்டிக்கு அது நல்ல பலகை. ஈரக் கதவுக்குள் ஒரு மழைக்காலம் கழிந்ததும் உப்பி, திருகு பிடி விட்டுவிடும். பிளாஸ்டிக் வளையம் கேளுங்கள். கிடைக்காவிட்டால், காய்கறி நறுக்கும் தடித்த வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையை வாங்கி ஜிக்சாவில் வட்டமாக அறுத்துக்கொள்ளலாம். தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது, திருகும் கெட்டியாகப் பிடிக்கும். பாசார் மாலாமில் கிடைக்கும் பலகையே போதும், தடிமன் மட்டும் பார்த்து எடுங்கள்.

இணைப்பானை வெட்டி எறிந்துவிட்டுக் கம்பியை முறுக்கி டேப் சுற்றும் கை நம் ஊரில் அதிகம். அந்த டேப் வெயிலில் பிசுபிசுத்துக் கழன்றுவிடும். வண்டிக்கேற்ற இணைப்புக் கம்பியை வாங்கினால் அசல் முனை பிழைக்கும்.

ஒரு குறை உண்டு. கதவு ஸ்பீக்கர் கணுக்கால் உயரத்தில் இருக்கிறது, உச்ச ஒலியோ நேர்க்கோட்டில்தான் போகும். ஓட்டுநரின் முழங்கால் அதை மறைத்துவிடுகிறது. ட்வீட்டரைச் சாய்த்துத் திருப்ப முடிகிற மாடலாக எடுத்தால் பாதிக் குறை தீரும்.

வழி மூன்று: காம்பொனென்ட்

ட்வீட்டர் தனி, கூம்பு தனி, இரண்டுக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர் பெட்டி தனி. ட்வீட்டர் காது உயரத்துக்கு வந்துவிடுவதால் பாடகர் காலடியிலிருந்து எழுந்து முன்கண்ணாடிக்கு நேராக நின்று பாடுவார். வீணையின் மீட்டையும் நாதஸ்வரத்தின் கமகத்தையும் கவனித்துக் கேட்பவருக்கு இந்த வித்தியாசம் உடனே பிடிபடும்.

ஆனால் இந்த ரகத்தில் விலை ஏற ஏறக் கூம்பு கனக்கிறது, உணர்திறன் 86, 87 என்று இறங்குகிறது. ரேடியோவின் 20 வாட்டை மட்டும் வைத்துக்கொண்டு அதை டீசல் உறுமலுக்கு மேலே கொண்டுவருவது கடினம். அப்போதுதான் கடைக்காரர் ஆம்ப் பட்டியலை எடுப்பார். காம்பொனென்ட் வாங்கப் போகிறவர் ஆம்ப் செலவையும் சேர்த்தே யோசித்துவிடுவது நல்லது.

கிராஸ்ஓவர் பெட்டியைக் கதவுக்குள் வைக்க விடாதீர்கள். உதைபலகைக்கு (கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டு மூடி) பின்னாலும் வேண்டாம். ஆற்றைக் கடக்கும் வண்டியில் தண்ணீர் முதலில் வரும் இடம் அது. கையுறைப் பெட்டிக்கு மேலே, டேஷ்போர்டின் முதுகில் இடம் பாருங்கள். டேஷ்போர்டில் 4 அங்குலத் துளை உள்ள வண்டியாக இருந்தால் அதிர்ஷ்டம். ட்வீட்டரை அந்த அசல் வலைக்கு அடியிலேயே வைத்துவிடலாம், முன்கண்ணாடித் தூணில் துளை போட வேண்டியதில்லை.

பெரும்பாலும் ஈப்போவுக்கும் கோலாகங்சாருக்கும் தார்ச்சாலையில் போய்வரும் வண்டிக்கு இது பொருத்தம். வாரம் முழுவதும் தோட்டத்துக்குள் குலுங்கும் வண்டிக்கு வேண்டாத செலவு.

வழி நான்கு: படகு ரகம்

கடல் காற்றுக்கும் வெயிலுக்கும் தாங்கும்படி செய்த ஸ்பீக்கர். கூரைத் துணி போட்ட ஜீப், கதவைக் கழற்றிவிட்டு ஓட்டும் ஜிம்னி, பின்கட்டில் திறந்தவெளியில் பொருத்த வேண்டிய இடம், இவற்றுக்கு வேறெதையும் யோசிக்க வேண்டாம்.

மூடிய கேபின் வண்டிக்கு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஐபி எண்ணில் முதல் இலக்கம் புழுதிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. ஐபிஎக்ஸ்5 என்றால் தண்ணீர்ப் பீய்ச்சலைத் தாங்கும், புழுதிக்குச் சோதனை எண் எதுவும் தரப்படவில்லை என்று பொருள். செம்மண் சாலையில் நமக்கு முதல் இலக்கமும் வேண்டும். அதோடு, அந்தத் தாக்குப்பிடிப்பு ஸ்பீக்கரின் முன்பக்கத்துக்கு மட்டும் சொல்லப்பட்டதாகவும் இருக்கலாம். கதவுக்குள் நனைவதோ பின்பக்கம். ஆக, மூடிய வண்டிக்கு நல்ல கோஆக்சியலும் அதன் தலைக்கு மேல் ஒரு மழைத்தடுப்பும் இதே வேலையைக் குறைந்த செலவில் செய்யும்.

வழி ஐந்து: ஆம்ப், தேவையானால் சப்வூஃபர்

மச்சான் சொன்ன வழி. 20 வாட்டை 80 ஆக்கினால் கிடைப்பது 6 டெசிபல். 86-க்குப் பதிலாக 92 டெசிபல் ஸ்பீக்கரை எடுத்திருந்தால் அதே 6 டெசிபல் செலவில்லாமல் வந்திருக்கும். உணர்திறனைப் பார்த்து ஸ்பீக்கர் போட்டபிறகும் போதவில்லை என்றால் மட்டும் ஆம்ப் பக்கம் போகலாம் என்பது என் வரிசை.

முன்சொன்ன 80 ஹெர்ட்ஸ் தகராறுக்கு உண்மையான பதில் சப்வூஃபர்தான், அதை மறுக்க முடியாது. கீழ் ஒலியை அது ஏற்றுக்கொண்டதும் கதவு ஸ்பீக்கருக்குப் போகும் ஒலியை 80, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். கதவின் அதிர்வு அடங்கும், பாடகர் குரல் தெளியும். சின்ன ஆறரை அங்குல ஸ்பீக்கர்கூடப் பெரிய ஆளாகிவிடும்.

செலவுதான் வரிசைகட்டி நிற்கும். பேட்டரியிலிருந்து தனிக் கேபிள் இழுக்க வேண்டும். பேட்டரிக்கு 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். அந்த ஃபியூஸை விட்டுவிட்டு, கேபிள் உரசித் தீப்பிடிக்கும் வாய்ப்பைத் திறந்துவைக்கும் கடைகளும் உண்டு. கூலி பேசும்போதே கேளுங்கள். பழைய வண்டியின் ஆல்டர்னேட்டர் சிறியது. வின்ச்சும் கூடுதல் விளக்கும் ஏற்கெனவே அதன் கழுத்தைப் பிடித்திருக்கும். கிளாஸ் டி வகை ஆம்ப் குறைவாக மின்சாரம் தின்னும், சூடும் குறைவு, டேஷ்போர்டின் பின்னால் அடங்கும். இருக்கைக்கடி சப்வூஃபரோ, ஜாக்கும் கருவிப் பையும் ஏற்கெனவே குடியிருக்கும் இடத்துக்குப் போட்டி போடும். தரைவிரிப்பு நனையும் அளவுக்கு ஆற்றில் இறங்குகிறவர் அங்கே எதையும் வைக்காமல் இருப்பதே மேல்.

எந்த வழியானாலும் முதலில் கதவு

கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது. முதுகிலிருந்து வரும் ஒலி முகத்திலிருந்து வரும் ஒலிக்கு நேர் எதிர். இரண்டும் சந்தித்தால் கீழ் ஒலி ஒன்றையொன்று கொன்றுவிடும். ஸ்பீக்கருக்குக் கதவுதான் பெட்டி. பழைய வண்டியின் கதவு உள்மூடியைக் கழற்றிப் பாருங்கள்: கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள், அவற்றின்மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் யாரோ எப்போதோ கண்ணாடி மாற்றியபோது கிழித்த கிழிசலோடு தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் எவ்வளவு விலையுள்ள ஸ்பீக்கரைப் போட்டாலும் தகர டப்பா ஓசைதான்.

ஓட்டைகளைப் பியூட்டைல் (ஒட்டும் ரப்பர்) தகட்டால் மூட வேண்டும். வெளித் தகட்டின் உட்புறத்தில் நடுப்பகுதியில் மட்டும் இரண்டு மூன்று துண்டு ஒட்டினாலே தட்டும் ஓசை மந்தமாகும்; முழுவதும் பூச வேண்டியதில்லை. ஹார்ட்வேர் கடையில் மலிவாக விற்கும் கூரைக்கான தார்த் தகட்டை யாராவது சிபாரிசு செய்தால் மறுத்துவிடுங்கள். வெயிலில் நிறுத்திய வண்டியில் அது இளகி வழிந்து, நாற்றமும் கிளப்பும். கதவின் அடித்துளைகளைத் தவறிக்கூட மூடக் கூடாது. மூடினால் தண்ணீர் தேங்கிக் கதவு துருப்பிடிக்கும்.

மழைத்தடுப்புக்கு சிலிக்கான் கிண்ணம் விற்கிறார்கள். முழுதாகப் போட்டால் ஸ்பீக்கருக்கு மூச்சு முட்டிக் கீழ் ஒலி போய்விடும். கீழ்ப்பாதியைக் கத்தரித்துவிட்டு மேல்பாதியைக் குடையாக வையுங்கள்.

உள்மூடிக் கிளிப்புகளில் பாதி கழற்றும்போதே உடையும், அந்த வயதுக்குப் பிளாஸ்டிக் அப்படித்தான். ஒரு பொட்டலம் முன்கூட்டி வாங்கி வைத்திருந்தால் கதவு கடகடக்கும் நிலையில் வீட்டுக்கு ஓட்டி வர நேராது.

பொருத்தும் நாளில்

கம்பி நிறம் பழைய வண்டிகளில் மாறியிருக்கும், நம்பாதீர்கள். 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை ரேடியோ பக்கத்துக் கம்பியில் ஒரு நொடி தொட்டால் கூம்பு முன்னே வர வேண்டும். அப்போது பேட்டரியின் நேர்முனை தொட்ட கம்பிதான் நேர்க்கம்பி. இடதுக்கும் வலதுக்கும் இதைச் செய்து பாருங்கள். ஒன்று மட்டும் தலைகீழாக இருந்தால் சத்தம் இருக்கும், கீழ் ஒலி காணாமல் போயிருக்கும்.

இயந்திரத்தை ஓடவிட்டு, கண்ணாடியை இறக்கி ஏற்றி, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் பாட்டைப் போட்டுக் கேட்டபிறகே பணத்தைக் கொடுங்கள். அணைந்திருக்கும் வண்டியில் எல்லா ஸ்பீக்கரும் இனிமையாகத்தான் பாடும். கழற்றிய அசல் ஸ்பீக்கர், சட்டம், ரிவிட் உடையாத வலை எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு வீட்டுக்கு எடுத்து வாருங்கள். பழைய லேண்ட் குரூசர் தேடி வருகிறவர்கள் அந்தப் பெட்டியையும் கேட்பார்கள்.